மூலையில் வைத்த பொட்டு

"நீ என்ன சொல்லிட்டுப் போன? கம்ப்யூட்டரத் தொடாதீங்கன்னு சொன்ன. நான் தொடல."

"தொடலையா?"

"கிட்டக்கூடப் போகல. மெயினத்தான் ஆஃப் பண்ணேன்."

கையிலிருந்த பொரிப் பையைக் கீழே வைக்கவும் மறந்து பூவிழி தன் கணவனைப் பார்த்தாள். குழந்தைவேல் குளித்து முழுகி, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஒரு குறையும் இல்லாதவனாக நின்றிருந்தான். பட்டறை வாசலில் திருஷ்டிப் பூசணி செக்கச்செவேலென்று உடைந்து கிடந்தது. உள்ளே சாம்பிராணிப் புகை. ரம்பம், இழைப்புளி, சுத்தியல், உளி எல்லாம் வாழையிலைமேல் வரிசையாகப் படுத்திருந்தன. அவற்றுக்கு நடுவே, கழுத்தில் கதம்ப மாலையும் நெற்றியில் பொட்டுமாகத் திரை கறுத்துப்போன கம்ப்யூட்டர்.

"மெயின எதுக்குங்க ஆஃப் பண்ணீங்க?"

"ஆயுத பூஜைம்மா. எல்லாத்துக்கும் ஓய்வு குடுக்கணும்ல? கரண்டுக்கும் சேத்துதான்."

"யூபிஎஸ் இருக்கே. அது தாங்கியிருக்கணுமே."

"அதுவா, மெயின ஆஃப் பண்ணதும் கீ கீன்னு கத்த ஆரம்பிச்சிடுச்சு. மந்திரம் சொல்ல விடல. அதையும் ஆஃப் பண்ணி அதுக்கும் ஓய்வு குடுத்துட்டேன்."

பூவிழி பொரிப் பையை இப்போதுதான் கீழே வைத்தாள்.

அரியலூரில் செந்துறை ரோட்டில் இருக்கிறது அவர்கள் பட்டறை. வாசக்கால், கதவு, ஜன்னல் எல்லாம் குழந்தைவேலின் கைவேலை. அதிலே கொடியும் மயிலும் யானையும் லட்சுமியுமாகச் செதுக்குவது பூவிழியின் பொறுப்பு. அவள் உளி பிடிப்பதில்லை. கட்டில் அகலத்துக்கு ஒரு மெஷின் வைத்திருக்கிறாள். மரத்தை அதன்மேல் இறுக்கிப் பூட்டிவிட்டுக் கம்ப்யூட்டரில் படத்தை ஓட விட்டால், சுழலும் பிட் ஒன்று மரத்தின் மேல் அங்கும் இங்கும் ஓடி, படத்தில் உள்ளதை அப்படியே வெட்டி எடுக்கும். கம்ப்யூட்டர் இல்லையென்றால் அது வெறும் கட்டில்தான். படுத்துத் தூங்கவும் ஆகாது.

இப்போது அந்த மெஷினில் பூட்டியிருந்தது ஒரு வாசக்காலின் மேல்சட்டம். நடுவில் லட்சுமி, இரண்டு பக்கமும் தும்பிக்கை தூக்கிய யானைகள். யானைகள் இரண்டும் முடிந்துவிட்டன. லட்சுமிக்குப் பாதமும் தாமரையும் கைகளும் கழுத்துவரைக்கும் வந்தாயிற்று. முகம் பாக்கி. பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று குழந்தைவேல் ஒற்றைக் காலில் நின்றதால் அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். நாளை விடியற்காலை மறுபூஜை போட்டுவிட்டு முகத்தை முடித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு.

அத்தோடு விட்டிருக்கலாம். மெஷின் எப்படியும் நாளை வரைக்கும் சும்மாதானே இருக்கப்போகிறது என்று, பல நாளாகத் தள்ளிப் போட்டுவந்த கம்ப்யூட்டர் அப்கிரேடை இன்றைக்கு ஓடவிட்டாள். செல்போன் நெட்டில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பாதி தாண்டியதும், "கம்ப்யூட்டரத் தொடாதீங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைத்தெருவுக்குப் பொரி வாங்கப் போனாள். பண்டிகைக் கூட்டத்தில் திரும்ப நேரமாகிவிட்டது.

"சரி, நகருங்க. என்ன ஆச்சுன்னு பாக்குறேன்."

"எங்க போற?"

"மெயினப் போட."

"பூவிழி, பூஜை போட்ட ஆயுதத்த நாளைக்குக் காலையில மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். எங்கப்பா காலத்துலேருந்து இந்தப் பட்டறையில அதுதான் வழக்கம். இன்னிக்கு ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன் நான்."

"ஆணி யாரு அடிக்கச் சொன்னா? உசுரு இருக்கா இல்லையான்னு மட்டும் பாக்கணும்."

"நாளைக்குப் பாரு."

"நாளைக்குப் பாத்து, வரலன்னு வச்சுக்கங்க. கொளஞ்சியக்காவுக்கு நீங்க பதில் சொல்லுவீங்களா?"

குழந்தைவேல் வாயைத் திறந்தான். அதற்குள் வாசலில் குரல் கேட்டது.

"எனக்கு என்ன பதிலு? யாரு சொல்லணும்?"

உடைந்த பூசணியைத் தாண்டிக் காலை வைத்து உள்ளே வந்தாள் கொளஞ்சியம்மாள். கல்லங்குறிச்சிப் பக்கத்துக்காரி. மாடி வீடு கட்டுகிறவர்கள் தளம் போட ஆள் தேடினால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஜல்லியும் சிமெண்டும் கலந்து, சட்டி சட்டியாய் மேலேற்றி, ஒரே மூச்சில் தளத்தை நிரப்பிக் கொடுக்கிற பெண்கள் கூட்டம் அவளுடையது. அவள் தாயும் தகப்பனும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர்கள். கொளஞ்சியம்மாளோ ஊரார் வீட்டுக்கெல்லாம் தளம் போட்டு, கடைசியில் இந்த வருஷம்தான் தன் வீட்டுக்குச் சுவர் எழுப்பினாள். மனையில் நின்ற வேம்பைத்தான் அறுத்து வாசக்காலுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தாள். அதில் மேல்சட்டத்துக்குத் தோதாக வைரம் பாய்ந்த கட்டை ஒன்றே ஒன்றுதான் தேறியது. இதோ மெஷின்மேல் பூட்டியிருக்கிறதே, அது.

"ஒண்ணுமில்லக்கா, உக்காருங்க" என்றாள் பூவிழி. "பொரி சாப்பிடுங்க."

"பொரி இருக்கட்டும். மூஞ்சி ரெண்டும் சரியில்லியே. சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. கம்ப்யூட்டருக்குப் பாதி வேலையில கரண்ட நிறுத்திட்டாரு. அது எந்திரிக்குமான்னு தெரியல."

"எந்திரிக்கலன்னா?"

"லட்சுமிக்கு மொகம் வராது."

கொளஞ்சியம்மாள் மெஷினிடம் போய்க் குனிந்து பார்த்தாள். கழுத்துக்கு மேலே வேம்பு மொழுமொழுவென்று வெறுமையாக இருந்தது.

"இந்தா பாரு தம்பி" என்றாள் குழந்தைவேலிடம். "புரட்டாசியில வாசக்கா வைக்கிறதுக்கு நாளே கெடயாது. விஜயதசமி ஒண்ணுதான், அதுவும் நாளைக்கு. விட்டா ஐப்பசி. அடமழயில நின்ன சொவரு நின்னமேனிக்கு ஊறிப் போவும். என் ஆளுவோ நாளைக்கு ஒரு நாள்தான் சும்மா இருக்குவோ. தலையில்லாத லட்சுமிய வாசல்ல வச்சிட்டு நான் எப்படி உள்ள நொழயிறது?"

"நான் வேணாங்கலக்கா. நாளைக்கு மறுபூஜை முடிஞ்சதும் பாக்கட்டும். பூஜை போட்டத இன்னிக்கு எழுப்பக் கூடாது."

"ஏன்?"

"வழக்கம்."

"மாட்டுப்பொங்கலன்னிக்கு மாட்ட ஏருல பூட்டுவமா?"

"மாட்டோம்."

"அன்னிக்குன்னு பாத்து பசு கன்னு போடுதுன்னு வச்சுக்க. கன்னு பாதியில நிக்கிது. இன்னிக்குப் பொங்கலு, நாளைக்கு வான்னு சொல்லுவியா, கைய விட்டு இழுப்பியா?"

"அது உசுருக்கா."

"அப்ப இது? பொட்டு வச்சி மாலை போட்டிருக்க. உசுரு இல்லாததுக்கா போட்ட?"

குழந்தைவேல் கம்ப்யூட்டரைப் பார்த்தான். மாலையைப் பார்த்தான். தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டான்.

"வேலை வாங்கக் கூடாதுன்னுதானே வழக்கம்" என்றாள் பூவிழி, இதுதான் சமயம் என்று. "வைத்தியம் பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

"கம்ப்யூட்டர மட்டும் பாரு. மெஷின் ஓடக் கூடாது. மரத்துல ஒரு தூசி கெளம்பக் கூடாது."

"கெளம்பாது."

"மாலையக் கழட்டாத."

"கழட்டல. மாலையோடயே பாக்குறேன்."

குழந்தைவேலே போய் மெயினைப் போட்டான். யூபிஎஸ் ஒரு கத்துக் கத்தி அடங்கியது. பூவிழி கம்ப்யூட்டரின் பட்டனை அழுத்தினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி, பாதியில் நின்றன. அப்புறம் ஒன்றும் நகரவில்லை.

"என்ன சொல்லுது?" என்றான் குழந்தைவேல் பின்னாலிருந்து.

"பயந்து போயிட்டேங்குது."

"வெளையாடாத."

"நெசமாத்தான். இங்கிலீஷ்ல அப்படித்தான் போட்டிருக்கு. வேலை செஞ்சிக்கிட்டு இருக்கும்போது வெளக்க அணைச்சா யாருக்குத்தான் பயம் வராது?"

கொளஞ்சியம்மாள் ஒரு பிடி பொரியை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "பயந்தத எப்படித் தெளிய வைப்ப? வேப்பிலை வேணுமா? வாசக்காலே வேம்புதான்."

பூவிழி சிரித்தாள். அவளுக்கு இது புதிதல்ல. பன்னிரண்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கவர்மெண்டு லேப்டாப் கொடுத்தார்கள். கூடப் படித்தவர்கள் அதில் பாட்டுக் கேட்டார்கள், படம் பார்த்தார்கள். அவள் எதையாவது மாற்றிப் பார்த்து அதைக் கெடுப்பாள், பிறகு உட்கார்ந்து சரிசெய்வாள். கெடுத்தது எத்தனை முறையோ அத்தனை முறையும் எழுப்பியிருக்கிறாள். இந்தக் கம்ப்யூட்டரும் அதே சாதி, லினக்ஸ்.

"இங்க பாருங்கக்கா. கம்ப்யூட்டர் கண்ணு முழிச்சதும் மொதல்ல எந்திரிக்கிறது கெர்னல்னு ஒரு ஆளு. அவன்தான் மத்தவங்களையெல்லாம் தட்டி எழுப்பணும். அப்கிரேடு பண்ணா புது ஆளு ஒருத்தன் வருவான். இவரு கரண்ட நிறுத்துனப்ப புது ஆளு வந்து நின்னுட்டான், ஆனா அவனோட சாமான் மூட்டை வந்து சேரல. வெறுங்கையோட நிக்கிறான். அதான் பயப்படுறான்."

"பழைய ஆளு என்ன ஆனான்?"

"அதான் சங்கதி. பழைய ஆள இது வெரட்டாது. பின்கட்டுல உக்கார வச்சிருக்கும். அவன எந்திரிக்கச் சொல்லிட்டாப் போதும்."

"அவன் எந்திரிப்பானா?"

"வருவான். நேத்து வரைக்கும் அவன்தானே எந்திரிச்சான்."

பழைய ஆளைக் கூப்பிடுவதற்கு ஒரு வழி உண்டு. பட்டனைப் போட்டு, கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கீபோர்டில் எஸ்கேப் பட்டனைத் தட்ட வேண்டும். தட்டினால் யார் எழ வேண்டும் என்று அது நம்மையே கேட்கும். பூவிழி பட்டனைப் போட்டாள், எஸ்கேப்பைத் தட்டினாள். அது கேட்கவில்லை. நேரே புது ஆளையே எழுப்பிப் பயந்து நின்றது. மறுபடி போட்டாள், தட்டினாள். மறுபடியும் அதே.

"சொன்னேன்ல" என்றான் குழந்தைவேல். "சாமிக்கு இஷ்டமில்ல."

"சாமிய இழுக்காதீங்க. நான் தட்டுறது அதுக்குக் கேக்கல."

அவள் மூன்றாவது முறை தட்டும்போது விரல் நுனியில் ஏதோ சொரசொரத்தது. கீபோர்டை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நான்கு மூலையிலும் நான்கு பொட்டு. சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக வைத்து, அதன் நடுவே குங்குமம். எஸ்கேப் பட்டன் இருப்பது இடது பக்க மேல் மூலையில். சந்தனம் பட்டனைச் சுற்றி வழிந்து, இடுக்கில் இறங்கி, காய்ந்து இறுகிப்போயிருந்தது. பட்டன் உள்ளே போவதற்கு இடமே இல்லை.

"கிட்டக்கூடப் போகலன்னீங்க?"

"பொட்டு வைக்கிறது சாமி காரியம். அது தொடுறதுல சேராது."

"மூலைக்கு மூலை வச்சிருக்கீங்க."

"எல்லா சாமானுக்கும் மூலையிலதானே வைப்பாங்க? பீரோவுக்கு வைக்கல? கதவுக்கு வைக்கல? நடுவுல வச்சா நீ டைப் அடிக்கிறதுக்கு எடஞ்சலா இருக்கும்னு பாத்துப் பாத்து மூலையா வச்சேன்."

கொளஞ்சியம்மாளுக்குச் சிரிப்பில் பொரி புரையேறியது. "பாவம், பாத்துப் பாத்துத்தான் வச்சிருக்கு தம்பி" என்றாள் இருமலுக்கு நடுவே.

பூவிழி மேசை இழுப்பறையைத் திறந்து மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். குழந்தைவேல் பதறிப்போய்க் கையை நீட்டினான்.

"அழிச்சிடாத. வச்ச பொட்ட அழிக்கக் கூடாது."

"அழிக்கல, நெத்தியக் காட்டுங்க."

"என்னது?"

"காட்டுங்கங்கறேன்."

பட்டனை நெம்பித் தனியே எடுத்து, அதிலிருந்த சந்தனத்தை ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, அவன் திருநீற்றுக்கு நடுவே வைத்தாள். மிச்சத்தைக் கொளஞ்சியம்மாள் தானே கேட்டு வாங்கி இட்டுக்கொண்டாள். குழந்தைவேல் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரி, பிரசாதமாயிடுச்சு. போவட்டும்" என்றான். பொட்டுக்கு ஒரு போக்கிடம் கிடைத்ததும் அவன் முகமே தெளிந்துவிட்டது. அப்புறம் அவனே பழைய பல்துலக்கும் பிரஷைத் தேடிக் கொண்டுவந்து இடுக்கில் இருந்ததைச் சுரண்டிக் கொடுத்தான்.

மறுபடி பொருத்தியபின் எஸ்கேப் பட்டன் டக்கென்று உள்ளே போய் வந்தது. திரையில் பட்டியல் விரிந்தது. மேலே புதியவன், கீழே பழையவன். பூவிழி கீழே இறங்கிப் பழையவனைத் தொட்டாள். எழுத்து ஓடியது. நின்ற இடத்தைத் தாண்டி ஓடியது. வழக்கமான படமும் வண்ணமும் வரவில்லை. கறுப்புத் திரையில் பெயரையும் ரகசிய எண்ணையும் கேட்டபடி வந்து நின்றது.

"வந்துட்டானா?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"வந்துட்டான். சட்டை போட்டுக்காம வந்திருக்கான், பரவால்ல."

முதல் காரியமாக லட்சுமியின் படத்தைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டாள். நேற்றுத்தான் அந்த முகத்தைக் கொளஞ்சியம்மாளின் பேச்சுக்காகத் திருத்தியிருந்தாள். முன்பு வரைந்திருந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, ரெண்டு நாளு சாப்பிடாதவ மாதிரி இருக்கா. கன்னத்துல கொஞ்சம் சதை வையி" என்றிருந்தாள் அவள். சதை வைத்த முகம் வேறெங்கும் இல்லை, இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. அது பென் டிரைவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பூவிழி நிமிர்ந்து முதுகை நெட்டி முறித்தாள்.

"மொதல்ல பொருள வெளிய எடுத்துட்டேன். இப்ப நிம்மதியா வீட்டச் சரிபண்ணலாம்."

விட்ட இடத்திலிருந்து வேலையை முடி என்று ஒரு வரி அடித்தாள். கம்ப்யூட்டர் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. குழந்தைவேல் மெயின் ஸ்விட்சுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, யாரும் அண்டாதபடி காவல் உட்கார்ந்துகொண்டான். முடிந்ததும் பூவிழி கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். இந்த முறை எதையும் தட்டவில்லை. புது ஆள் தன் மூட்டை முடிச்சோடு எழுந்து எல்லோரையும் எழுப்பினான். படம் வந்தது, வண்ணம் வந்தது. லட்சுமியைத் திறந்து பார்த்தாள். லட்சுமி கன்னத்தில் சதையோடு சிரித்தாள்.

"அப்ப நான் நாளைக்கு வண்டிய எடுத்துக்கிட்டு வரலாமா?" என்று எழுந்தாள் கொளஞ்சியம்மாள்.

"வாங்க."

"அடிச்சிச் சொல்லுறியா?"

"அடிச்சிச் சொல்றேன்க்கா."

அவள் போனபின் குழந்தைவேல் மெதுவாகக் கேட்டான். "அடிச்சிச் சொல்லிட்ட. பிட்டு எந்த எடத்துல நின்னுச்சுன்னு மெஷினுக்கு இப்ப ஞாபகம் இருக்குமா?"

பூவிழிக்குச் சுருக்கென்றது. அவன் கேட்டது சரிதான். கம்ப்யூட்டருக்கு லட்சுமி தெரியும். ஆனால் மரத்தின்மேல் லட்சுமி எங்கே தொடங்கினாள் என்பது கரண்டோடு போயிருக்கும். மரத்தின் மூலையை மறுபடி காட்ட வேண்டும். ஒரு நூல் பிசகினால் கழுத்து ஓரிடத்திலும் முகம் ஓரிடத்திலும் நிற்கும். வேறு கட்டைக்கு எங்கே போவது?

"இல்ல" என்றாள்.

"நெனச்சேன்." அவன் மெஷினைத் தொடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, தாடையால் சுட்டிக் காட்டினான். "அங்க பாரு."

மரத்தின் ஓர மூலையில் கத்தி முனையால் கீறிய கூட்டல் குறி ஒன்று இருந்தது. முடி அளவுக்கு மெல்லிசு. மரத்தை மெஷினில் ஏற்றும்போதெல்லாம் குழந்தைவேல் இப்படி ஒரு குறி கீறுவான். தச்சன் குறி போடாமல் மரத்தைக் கைவிட மாட்டானாம். 'மெஷினுக்கு எதுக்குங்க இதெல்லாம்' என்று அவள் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறாள். செய்துவிட்டு, அந்தக் குறியிலேயே பிட்டின் முனையை வைத்துத் தொடங்குவாள், கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே என்று.

"இங்கதான் ஆரம்பிச்சேன்" என்றாள்.

"தெரியும். பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"மெயின ஆஃப் பண்ணதுக்கு நீ திட்டி முடிக்கட்டும்னு இருந்தேன்."

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மறுபூஜை நடந்தது. குழந்தைவேல் ரம்பத்தை ஒரு இழு இழுத்து, உளியை ஒரு தட்டுத் தட்டி, எல்லாவற்றையும் பேருக்கு நகர்த்திவைத்துவிட்டு, "ம், ஆரம்பி" என்றான். பூவிழி பிட்டின் முனையைக் கூட்டல் குறியின் நடுவே இறக்கினாள். அவன் ஒரு பக்கம் கண்ணை வைத்தான், அவள் மறுபக்கம் வைத்தாள்.

"வலப்பக்கம் கொஞ்சம்."

"இப்ப?"

"போதும். நில்லு. ம், சரி."

மெஷின் ஓடியது. வேம்பின் கசப்பு வாசம் பட்டறை முழுக்கப் பரவியது. முதலில் மோவாய் வந்தது, பிறகு உதடு, பிறகு கன்னம். கொளஞ்சியம்மாள் தன் கூட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டியில் வந்து இறங்கும்போது கிரீடத்தின் கடைசி மணி முடிந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் உள்ளே வந்து மெஷினைச் சுற்றி நின்றார்கள்.

மெஷின் நின்றது. பூவிழி தூசியை ஊதித் தள்ளினாள். குழந்தைவேல் கட்டைவிரலால் யானையிலிருந்து தொடங்கித் தடவிக்கொண்டே வந்தான். தாமரை, கை, தோள். கழுத்தில் விரல் ஒரு கணம் நின்றது. நேற்றும் இன்றும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று கழுத்தைச் சுற்றி ஓடியிருந்தது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. விரலுக்குத் தெரியும். அவன் பூவிழியைப் பார்த்தான். அவளும் பார்த்திருந்தாள்.

"ஒரு நிமிஷம்க்கா" என்று அவன் உப்புக் காகிதத்தை எடுத்தான்.

"என்னத்துக்கு?"

"கழுத்துல ஒரு கோடு நிக்கிது. தேச்சிட்டாப் போயிடும்."

கொளஞ்சியம்மாள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, அவன் தடவிய இடத்தில் தன் விரலை வைத்தாள். சிமெண்டில் காய்த்துப் போன விரல். முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்த உப்புக் காகிதத்தை வாங்கி மேசைமேல் போட்டாள்.

"இருக்கட்டும் தம்பி. கழுத்துல ஒண்ணுமே இல்லியேன்னு நேத்தே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்திச்சி. ஒரு சங்கிலியாச்சும் கெடக்கட்டும். ஏய், புடிங்கடி அந்தப் பக்கம். பாத்து, மொகத்துல கை படாம."